கடைசியாகத் திறந்த படம்

என் தங்கையின் வீட்டுக்காரர் லிப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி, கம்பி தேய்ந்திருக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்ப்பது அவருடைய சம்பள வேலை. தன்னை எவனாவது பார்க்கிறானா என்று பார்ப்பது சம்பளமில்லாத வேலை. இரண்டாவதில்தான் ஓவர்டைம் அதிகம்.

மடிக்கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். கைபேசியின் மைக் துவாரத்தை மெழுகால் அடைத்திருக்கிறார். கூப்பிட்டால் நாம் பேசுவது அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது நமக்குக் கேட்காது. குடும்பத்தில் இதுவரை யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை.

எந்த இணையதளத்துக்கும் உண்மையான விவரம் தர மாட்டார். ஒன்றில் அவர் எண்பத்தொரு வயதுக் கிழவர், இன்னொன்றில் கல்லூரி மாணவி. காது கேட்கும் கருவிக்கும் முகப்பருக் களிம்புக்கும் ஒரே நாளில் விளம்பரம் வரும். "பாத்தீங்களா மச்சான், குழம்பிட்டான்!" என்று பூரித்துப்போவார். எங்கோ ஓர் அறையில் இவர் ஒருவருக்காகவே ஒருவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான் என்பது அவர் நம்பிக்கை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். அடுத்தவருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று விசாரித்தே பிழைப்பவன். எனக்கு இந்த விஷயத்தில் உண்மையாகவே ஆர்வம் உண்டு. ஒருநாள் கேட்டேவிட்டேன். "மாப்பிள்ளை, உங்களப் பத்தி அவங்களுக்கு அப்படி என்னதான் தெரிஞ்சிடும்?"

"அதச் சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சிடுமே" என்றார்.

தங்கை சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். அடுத்தவர் கதைக்கு வரைந்து வரைந்து அலுத்து, தானே ஒரு கதை எழுதிப் படமும் போட்டாள். லிப்டில் மாட்டிக்கொண்ட ஓர் ஒட்டகச்சிவிங்கியின் கதை. பல பதிப்பகங்கள் கையை விரித்த பிறகு ஒன்று ஒப்புக்கொண்டது. அவள் வரைவதெல்லாம் கணினியிலேயே. காகிதப் பிரதி கிடையாது. படங்களை ஊரே பயன்படுத்தும் இலவச சேவை ஒன்றில் சேமித்து வைக்கப் போனவளை மாப்பிள்ளை தடுத்தாட்கொண்டார். பேர் தெரியாத ஒரு சின்ன கம்பெனியின் 'பெட்டக'த்தில் தானே ஒரு கணக்குத் திறந்து, எல்லாவற்றையும் அதில் ஏற்றினார்.

"கம்பெனிக்காரனே தலகீழா நின்னாலும் உள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியாது. சாவி என்கிட்ட மட்டும்தான். நானே ஒரு படம்கூடப் பாத்ததில்ல. அவ புஸ்தகம், அவ அந்தரங்கம்."

இதை உறவினர்கள் கூடும் இடங்களிலெல்லாம் சொன்னார். தங்கை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாற்ற என் கடைக்கு வந்தவள், கேட்காமலே சொன்னாள்: "பாக்கறீங்களான்னு நானே கேட்டுட்டேண்ணா. அச்சாகி வரட்டும்கறாரு. மரியாதைக்காகப் பாக்காததும், ஆசையே இல்லாம பாக்காததும் வெளியிலேருந்து பாத்தா ஒரே மாதிரிதானே இருக்கு?"

எனக்கு இரண்டுக்கும் ஒரே நம்பர் லென்ஸ்தான் தெரிந்தது. ஸ்க்ரூவுக்குக் காசு வாங்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் தங்கை போன் செய்து, என் மடிக்கணினியோடு உடனே வரச் சொன்னாள். போனபோது சாப்பாட்டு மேசையில் எச்சில் தட்டுகள்கூட எடுக்கப்படவில்லை. அச்சகத்தில் திடீரென்று இடம் கிடைத்திருக்கிறதாம்; ஐந்து மணிக்குள் படங்கள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறொரு புத்தகத்துக்கு, இவளுடையது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். அவளுடைய கணினியோ முந்தாநாள்தான் உயிரை விட்டிருந்தது; மாப்பிள்ளையுடையது அலுவலகத்தில் இருந்தது. படங்கள் இருக்கும் ஒரே இடம் பெட்டகம். பெட்டகம் திறக்கவில்லை.

"பாஸ்வேர்டு மறந்துட்டாராம்" என்றாள் தங்கை. அமைதியாகச் சொன்னாள். அவள் அமைதியாகப் பேசினால் நான் கதவுக்குப் பக்கத்தில் உட்காருவது வழக்கம்.

"மறக்கல" என்றார் மாப்பிள்ளை. "போன வாரம் மாத்தினேன். பாதுகாப்புக்காகக் கண்ண மூடிட்டுத் தட்டினேன்."

"கண்ண மூடிட்டா?"

"எனக்கே தெரியாம இருந்தா யாரும் என்கிட்டேருந்து கறக்க முடியாதில்ல?"

இப்படி ஒரு பாதுகாப்பை என் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. என் கணினியில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' பொத்தானை அழுத்தினோம். பிறந்த தேதி கேட்டது. மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

"இதுல நான் யாரு... கிழவனா, அந்தப் பொண்ணா?"

கிழவராக முயன்றோம். தப்பு. மாணவியாகவும் முயன்றோம். தப்பு. உங்களுக்கு உதவி தேவைப்படுகிறது என்று கம்பெனியே முடிவுக்கு வந்து ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டியது. மாப்பிள்ளையின் போனில்தான் மெழுகு. தங்கையின் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையின் நடுவே வைத்தோம். இளம் பெண் குரல் ஒன்று வந்தது.

"கவலைப்படாதீங்க சார். இன்னும் ஒரு வழி இருக்கு. பெட்டகத்துல கடைசியாத் திறந்து பார்த்தது எந்தப் படம்னு சொல்லுங்க, போதும். கணக்குத் திறந்தவர் நீங்கங்கறதால நீங்கதான் சொல்லணும். பக்கத்துல யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது."

"நாங்க ஏத்தினதோட சரிம்மா" என்றாள் தங்கை. "யாருமே திறக்கலையே."

"இல்லங்க மேடம். போன வாரம்கூடத் திறந்திருக்கு. அதுக்கு முன்னாடியும் நிறைய தடவை. எல்லாம் ஒரே படம்தான்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தட்டில் காய்ந்துபோயிருந்த ஒரு சோற்றுப் பருக்கையைப் பார்த்தார். வீட்டிலுள்ள எல்லா கேமராவுக்கும் பிளாஸ்திரி ஒட்டியவர், எங்கள் நான்கு கண்களுக்கு எதை ஒட்டுவது என்று தெரியாமல் திண்டாடினார்.

"யாராவது ஹேக் பண்ணியிருப்பான்" என்றார்.

"அப்படின்னா கணக்க முடக்கிடறோம் சார். விசாரிச்சுத் திறக்க ஒரு மாசம் ஆகும்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு தாண்டிவிட்டது. தங்கை கையிலிருந்த துணியால், ஏற்கனவே சுத்தமாக இருந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் துடைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்த மாப்பிள்ளை, குனிந்து போனுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனார், எங்களுக்குக் கேட்காது என்பதுபோல.

"ஒட்டகச்சிவிங்கி லிப்டுக்குள்ள கழுத்த மடிச்சு உக்காந்திருக்கு."

"சரி சார். வேற யார் இருக்காங்க?"

"லிப்ட் இன்ஸ்பெக்டர். கையில டார்ச். பெரிய மீசை." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சட்டை பட்டன் ஒண்ணு தெறிச்சு ஒட்டகச்சிவிங்கி மூக்குல பட்டிருக்கு. தொப்பையால."

"கரெக்ட் சார்! ரொம்ப அழகான படம்."

"அது எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "யாராலயும் பாக்க முடியாதுன்னாங்களே?"

"சின்னதாத் தெரியும் சார். சேவையை மேம்படுத்தறதுக்காக."

மாப்பிள்ளையின் முகத்தில் அப்போது ஓடியதைப் பார்க்க டிக்கெட் போட்டிருந்தாலும் வாங்கியிருப்பேன். நம்பிய கம்பெனியும் கைவிட்டது, தன் வாயும் கைவிட்டது.

பெட்டகம் திறந்தது. தங்கை படங்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு தடவ பாத்துட்டு மூடிடலாம்னுதான்..."

"அதக் கேக்கல. படம் எப்படி இருந்துச்சு?"

"என் மூக்கு அச்சு அசலா வந்திருக்கு" என்றார். "வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி பாப்பேன். அப்பறம் ஊரெல்லாம் பாக்கலன்னு சொல்லிட்டு இப்படிப் பாக்கறது தப்புன்னு தோணுச்சு. அதான் கண்ண மூடிட்டுத் தட்டினேன். இனிமே நானே நெனச்சாலும் முடியக் கூடாதுன்னு."

தங்கை சிரிப்பை அடக்கப் பார்த்தாள், தோள் காட்டிக்கொடுத்தது. "உங்க முகம் ஊர்ப் பிள்ளைங்க கைக்கெல்லாம் போகப்போகுதே, பரவாயில்லயா? வேணும்னா மீசைய மட்டும் அழிச்சிடறேன். யாருக்கும் தெரியாது."

உலகத்து கம்பெனிகளுக்கெல்லாம் தண்ணி காட்டிய மனிதர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியில் தெரிந்தது.

"மீசை இருக்கட்டும்" என்றார். "தொப்பைய மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"நேரமில்ல" என்று அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

புத்தகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை பதிப்பகத்தின் இணையதளத்தில் ஒரு கட்டு வரவழைத்து, வேலைக்குப் போகிற கட்டடமெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பார்சல் கிழவர் வீட்டுக்கோ மாணவி விடுதிக்கோ போய்விடக் கூடாதே என்று, அந்தத் தளத்தில் மட்டும் சொந்தப் பெயரும் சரியான முகவரியும் கொடுத்திருக்கிறார். இப்போது அவருக்குத் தொப்பை குறைக்கும் பெல்ட் விளம்பரம் வருகிறதாம். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று என்னைக் கேட்கிறார்.