அவளுக்கு எட்டு, எனக்கு இரண்டு

செவ்வாயும் வெள்ளியும் வந்தால் அலோய்ஸி புதுமாப்பிள்ளை ஆகிவிடுவார். எழுபத்தெட்டு வயது, முப்பத்தொரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் தேய்ந்த உடம்பு, அதில் இப்போது புற்றுநோய். ஆஸ்பத்திரி கையை விரித்த பிறகு வீட்டுக்கே வந்து வலியைப் பார்த்துக்கொள்பவள் ஹாஸ்பிஸ் நர்ஸ் மிரேலா. அவள் வருகிற அந்த இரண்டு நாளும் மனுஷன் முகத்தை மழித்து வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொள்வார். நான்காம் மாடியில் அவர் தெளித்தால் தரைத்தளத்து நாய் சாயங்காலம்வரை தும்மும்.

மனைவி ரோசாலியாவுக்கு வயிறு எரிந்தது. கல்யாணத்தன்றுகூட இவர் இவ்வளவு வழுவழுப்பாக இருந்ததில்லை.

"யாருக்குய்யா இந்த அலங்காரம்?"

"சிஸ்டருக்கு. நீதான் என்னைத் தாடியோட பாத்துப் பழகினவளாச்சே."

அந்த வெள்ளிக்கிழமை சூப்பைக் கிண்டுகிற சாக்கில் அவள் சமையலறையில் நின்றாள். காது மட்டும் படுக்கையறைவரை நீண்டிருந்தது.

"பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள, இன்னிக்கு வலி எவ்வளவு ஐயா?" என்றாள் மிரேலா.

"எட்டு."

கரண்டி சூப்புக்குள் விழுந்தது. காலையில் ரோசாலியா கேட்டதும் அதே கேள்விதான். இரண்டு என்றார். தினமும் இரண்டுதான். ஒரு முத்துமாலையை ரகசியமாக நர்ஸ் கழுத்தில் போட்டிருந்தால்கூட அவளுக்கு இப்படி எரிந்திருக்காது.

நேரே உள்ளே போனாள். "அவளுக்கு எட்டு, எனக்கு ரெண்டா? நான் என்னய்யா பாவம் பண்ணினேன்?"

அலோய்ஸி கூரையைப் பார்த்தார். "போன மாசம் உங்கிட்ட ஏழுன்னு சொன்னேன். என்ன பண்ணினே?"

ரோசாலியா கசங்காத போர்வையை நீவிவிட்டாள்.

"நானே சொல்றேன் சிஸ்டர். அரை மணியில பாதிரியார் சாகப்போறவனுக்குப் பூசுற எண்ணெய்க் குப்பியோட வந்துட்டார். ஓபோலே ஊர்லேருந்து இவ தங்கச்சி கறுப்பு உடுப்போட வந்து இறங்கிட்டா. என்னைப் புதைக்கிறதுக்குன்னு வெச்சிருக்கிற கோட்டு பால்கனியில தொங்குது. தெருவுல ரெண்டு பேர் அதைப் பாத்து தொப்பியைக் கழட்டினாங்க."

"பூச்சி அரிச்சிடும்னு காயப்போட்டேன்" என்று முணுமுணுத்தாள் ரோசாலியா.

மிரேலா உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். பிறகு அலமாரியிலிருந்த மார்ஃபின் குப்பியை எடுத்துப் பார்த்தாள். "வலி ஏறினா கொடுங்கன்னு போன வாரம் தந்தது. மூடியே திறக்கலையேம்மா?"

"அது கடைசி நாளைக்கு இல்லியா? இப்பவே கொடுத்துட்டா அப்ப எது கேக்கும்?"

"கடைசி நாளைக்குன்னு பூட்டி வெக்கிற மருந்து இல்லம்மா இது. இன்னிக்கு அவர் சூப் குடிக்கணும், உங்களோட சண்டை போடணும், அதுக்குத்தான். வலி அதிகமாச்சுன்னா சாவு படியேறி வருதுன்னு கிடையாது. டாக்டர் எழுதின அளவு, எழுதின இடைவெளி, அவ்வளவுதான். கடைசியில தேவைப்பட்டா அளவை அவர் கூட்டுவார். நான் வாரத்துல ரெண்டு நாள்தான். மத்த அஞ்சு நாளும் நீங்கதான் கேட்டு எழுதணும்."

வலிக்கணக்கு நோட்டை நீட்டினாள். சக்களத்தியின் கையிலிருந்து காதல் கடிதத்தைப் பிடுங்குவதுபோல ரோசாலியா அதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கட்டிலருகே உட்கார்ந்தாள். "எவ்வளவு?"

"பாதிரியார் வருவாரா?"

"மாட்டார். சொல்லு."

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "ஏழு."

ரோசாலியாவின் வலது கை தானாகத் தொலைபேசியை நோக்கிப் போனது. இடது கையால் அதை ஓர் அடி அடித்தாள். கண் முட்டிக்கொண்டு வந்தது, விடவில்லை. மருந்தை அளந்து கொடுத்தாள். பக்கம் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஏழு என்று எழுதினாள். அரை மணி கழித்து அவரே, "மூணு" என்றார். மதியம் அவர் விட்ட குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு மாசமாகக் கேட்காத சத்தம். அவள் வேலையை விட்டுவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மிரேலா வந்தாள். "எவ்வளவு ஐயா?"

"அவளைக் கேளுங்க. எல்லாம் அவகிட்டதான் இருக்கு."

ரோசாலியா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, மகாராணி சாசனம் படிக்கிற தோரணையில் நோட்டைப் பிரித்தாள்.

மிரேலா அவர் தாடையைப் பார்த்தாள். வெள்ளை முள் முளைத்திருந்தது, வாசனையும் இல்லை. "இன்னிக்கு ஷேவ் பண்ணலையா?"

"ஞாயித்துக்கிழமையே எனக்காக ஆச்சு" என்றாள் ரோசாலியா, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.