மூன்றாவது கோபுரத்துப் படகோட்டி

ரூபினாவுக்கு எண்ணூர் தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, ராயபுரத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். எண்ணூர் போகும் பஸ்ஸைத் தினமும் பார்ப்பாள், ஒருநாளும் ஏறியதில்லை. ஏற என்ன அவசியம் வந்தது? அங்கே அவளுக்கு உறவில்லை, துணி எடுக்கும் கடை இல்லை, ஒரு கல்யாணப் பத்திரிகைகூட அந்தப் பக்கத்திலிருந்து வந்ததில்லை. அதனால்தான் தன் புதுக் கதையாட்டத்துக்கு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். தெரிந்த ஊர் என்றால் கொஞ்சம் பயந்து பயந்து புளுக வேண்டும். தெரியாத ஊர் என்றால் அந்தக் கவலை இல்லை.

கதையாட்டம் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி செரிக்கிற நேரத்தில், ஜெரி வீட்டு மாடியறையில் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். உலகத்தைச் சொல்வதும், மழை பெய்ய வைப்பதும், வழியில் வருகிற பூதம் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் குரல் கொடுப்பதும் ரூபினாவின் வேலை. ஜெயிப்பதா தோற்பதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவார்கள். ரூபினா இரண்டே சட்டம் வைத்திருந்தாள். ஆடுகிறவன் எதைக் கேட்டாலும் கதைசொல்லி ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது, அந்த இடத்திலேயே ஒரு பதிலைக் கட்டி விட வேண்டும். மேசையில் சொன்னதைத் திரும்ப வாங்கவும் கூடாது. சொல்லியாகிவிட்டால் அது நடந்ததுதான்.

அவள் கட்டிய எண்ணூர் இன்னும் இருநூறு வருஷம் கழித்து வரப்போகிற எண்ணூர். கடல் நெடுஞ்சாலையைத் தின்றுவிட்டது. புகைபோக்கிகளுக்குள் பூதங்களைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். சாம்பல் பாலையில் இரும்பு நண்டுகள் மேய்கின்றன. இதற்கெல்லாம் அவளுக்கு உதவியது கைபேசியில் இருந்த ஒரு செயலி, ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து பூமி முழுவதையும் காட்டுகிற வகை. விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று ஆலைச் சாம்பல், நடுவே கழிமுகம், தண்ணீருக்குள் வரிசையாக நிற்கும் மின்கோபுரங்கள். கரையிலிருந்து மூன்றாவது கோபுரத்தின் காலடியில் கறுப்பாக ஒரு புள்ளி. படகாக இருக்கும் என்று நினைத்தாள். படகு இருந்தால் படகோட்டி வேண்டுமே! தன் பெயரை மறந்துபோன, செத்தும் சாகாத படகோட்டி ஒருவன் அப்படித்தான் பிறந்தான். அவன் பெயரைச் சரியாகச் சொல்கிறவனுக்கு அவன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வான். பீடி பிடித்துக் கரகரத்த குரலும், பேச்சுக்கு நடுவே சின்ன இருமலும் அவனுக்குக் கொடுத்தாள்.

டில்லிபாபுவை அழைத்து வந்தது ஜெரி. இரண்டு பேரும் ஒரே கன்டெய்னர் யார்டில் வேலை. எந்த ஏரியா என்று கேட்டதற்கு, “திருவொத்தியூர் தாண்டி” என்று மட்டும் சொன்னான். யாரும் மேலே கேட்கவில்லை, வடசென்னையில் எல்லாமே எதையாவது தாண்டித்தான். வந்தான், உட்கார்ந்தான், வாயைத் திறக்காமல் பகடையை உருட்டினான். எண்ணூர் என்ற பெயர் வரும்போதெல்லாம் அவன் தலை தாழ்ந்ததை ரூபினா பார்த்தாள். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

படகோட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முதல் தடவையாகப் பேசினான்.

“அவன் பேரு எனுக்குத் தெரியும்” என்றான். “சின்னப்பையன்.”

ரூபினா அசந்துபோனாள். இத்தனை நாள் ஊமையாக இருந்தவன் என்ன அழகாக ஆடுகிறான்! அவள் படகோட்டிக்கு எந்தப் பெயரும் யோசித்து வைத்திருக்கவில்லை. இல்லை என்று சொல்லக் கூடாது என்பதுதான் சட்டமாயிற்றே.

“ஆமாண்டா” என்று கரகரத்தாள். இருமினாள். “ரொம்ப நாள் கயிச்சு எம்பேர நீதாண்டா சொல்லிக்கீற. கேளு.”

“நீ எங்க கீற?”

அவன் கேட்ட விதத்தில் மற்றவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ரூபினா கண்ணை மூடி, படத்தில் பார்த்ததை நினைவுக்குக் கொண்டுவந்தாள்.

“சாம்பல்ல மூணாவது கோபுரம் கீது பாரு, அதுங்காலாண்ட. அங்கதான் குந்திகினு கீறேன். யாரும் வந்து பாக்கல.”

டில்லிபாபு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். நடிப்பு பிரமாதம் என்று ரூபினா கைதட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்து இன்றைக்கும் அவளுக்கு உள்ளங்கை கூசும்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜெரி அவள் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“டில்லி வேலைக்கு வரல. அவங்கம்மா போன் பண்ணிச்சு. காலைலேருந்து கழிமுகத்துல எறங்கி நிக்கிறானாம். மூணாவது கோபுரத்தாண்ட கழி வச்சுக் குத்திக் குத்திப் பாத்துகினு கீறானாம்.”

“எதுக்கு?”

“அவங்கப்பாவ. இறால் புடிக்கப் போனவரு, திரும்பல. ரெண்டு வருசம் ஆவுது. அவரு பேரு இன்னா தெரியுமா ரூபி? சின்னப்பையன்.”

ரூபினா டிபன் பாக்ஸை மூடாமலே எழுந்தாள்.

ஜெரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போதுதான் முதன்முதலாக எண்ணூரைப் பார்த்தாள். கன்டெய்னர் லாரிகளுக்கு இடையில் ஜெரி புகுந்து புகுந்து ஓட்டினான். அவள் படத்தில் பார்த்துப் புளுகியதெல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்தது. புகைபோக்கி நின்றது. சாம்பல் பறந்தது. பூதம் ஒன்றுதான் இல்லை. அது இருந்திருந்தாலும் அவளுக்கு இத்தனை பயம் வந்திருக்காது. வீடுகள் இருந்தன, கொடியில் துணி காய்ந்தது, ஸ்கூலில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு அப்பால் யாருமே இல்லாத ஊர் என்று நினைத்து அவள் விளையாடிய இடத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள்.

கரைமேட்டில் ஒரு பெண் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். டில்லிபாபுவின் அம்மா சொக்கம்மாள், இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறவள். கழுத்தில் தாலிக்கயிறு புதுமஞ்சளாகக் கிடந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் குரல் கட்டிப்போயிருந்தது. தூரத்தில், மூன்றாவது கோபுரத்தடியில், தண்ணீர் வற்றிக் கிடந்த சாம்பல் சேற்றில் டில்லிபாபு தொடையளவு இறங்கி நின்று ஒரு மூங்கில் கழியைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். அந்தச் சேறு மேலே பார்க்கத் தரை மாதிரி இருக்கும், உள்ளே கூழ். மாடு இறங்கினால் மாடு திரும்பி வராது என்று அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் இறங்கியிருந்தான்.

“தண்ணி ஏறிகினு கீதும்மா” என்றாள் சொக்கம்மாள். “இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் நிக்கிற எடம் இளகிப்பூடும். ஆள வுட்டு வெளிய இஸ்தா கழியால அடிக்க வரான். நீதான அந்தப் பொண்ணு? அவரு கொரல்ல பேசினியாமே?”

ரூபினாவுக்கு அழுகை வந்தது. வாயருகே கையைக் குவித்துக் கத்தினாள்.

“டில்லி! அது நான் கட்டி வுட்டது! சத்தியமா! உங்கப்பா கதையே எனக்குத் தெரியாது!”

“தெரியாம எப்டி மூணாவது கோபுரம்னு சொன்ன?” என்று பதில் வந்தது. “நீ இந்தாண்ட வந்ததே இல்லியே!”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. படத்தைக் காட்டினால் போதும், வெறும் புள்ளியைப் பார்த்துச் சொன்னேன் என்று புரிந்துகொள்வான். கைபேசியில் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். மூன்றாவது கோபுரம், அதன் காலடியில் படகு. நிமிர்ந்து பார்த்தாள். எதிரே அந்தக் கோபுரத்தில் எந்தப் படகும் இல்லை.

ஜெரி அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, திரையின் அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான். படம் எடுத்த தேதி. அவள் எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள், அந்த எழுத்தை மட்டும் பார்த்ததில்லை.

“நவம்பர் இருபத்தெட்டு” என்றான். “போன வருசத்துக்கு முந்தின வருசம்.”

சொக்கம்மாள் திரும்பினாள். “அவரு போனது இருபத்தேழு. எங்க, காட்டு.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பழக்கம் விடவில்லை, ரூபினா கொடுத்துவிட்டாள். சொக்கம்மாள் திரைமேல் விழுந்த வெயிலை முந்தானையால் மறைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். படகின் ஓரத்தில் ஒரு நீலக்கீற்று தெரிந்தது.

“நீல சாயம் நாந்தான் அடிச்சேன்” என்றாள். “மூணாம்நாளு படகு முகத்துவாரத்துல கவுந்து கெடந்துது. கடலு அவரத் தூக்கினு போச்சின்னாங்க எல்லாரும். எவனும் இந்தாண்ட வந்து தேடல. அவரு போன மறுநாளு இங்கதான் கட்டிக் கெடந்துக்கீது. கட்டிட்டுத்தான் எறங்கிக்கீறாரு.”

அவள் அழவில்லை. கைபேசியைக் கவிழ்த்து ரூபினாவின் கையில் வைத்து, அந்தக் கையை அப்படியே இறுக்கிப் பிடித்தாள்.

“இத அவங்கிட்ட காட்டாத கண்ணு. காட்டினா அவனும் மேல வரமாட்டான். எனுக்கு ஒருத்தரு போதும் அங்க.”

“நான் இன்னா பண்ணணும்?”

“பேசு. அந்தக் கொரல்ல. வேற எங்கியோ பூட்டேன்னு சொல்லு.”

ரூபினா வேண்டாம் என்று தலையாட்டினாள். தெரியாமல் செய்தது ஒன்று, தெரிந்தே செய்வது வேறு. ஆனால் கோபுரத்தடியில் டில்லிபாபு இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டிருந்தான். அவனைச் சுற்றி வெளுத்த சேறு மெதுவாகப் பளபளக்க ஆரம்பித்திருந்தது.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அந்தக் குரல் அங்கேயே காத்திருந்தது போல உடனே வந்தது.

“டேய்! எம்பேரு சொன்னவனே!”

கழி நின்றது.

“இங்க இன்னாடா தோண்டிகினு கீற? நா இங்க இல்லடா. பூட்டேன்.” இருமல் தானாக வந்தது. பக்கத்தில் சொக்கம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நேத்து மூணாவது கோபுரம்னு சொன்ன?” டில்லிபாபுவின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது.

“நேத்து இருந்தேன். படகு ஓட்றவன் ஒரே எடத்துல குந்திகினு இருப்பானாடா? நீ வந்து பேரு சொன்ன இல்ல, எனுக்கு வழி தெரிஞ்சிடுச்சு. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் பூட்டேன். இந்தச் சேத்துல ஒண்ணுமில்ல. உங்கம்மா வெயில்ல நிக்கிறா பாரு. மேல ஏறு.”

அவன் கரைப்பக்கம் திரும்பினான். பிறகு கழியைச் சேற்றின்மேல் படுக்கப் போட்டு, அதன்மேல் உடம்பைச் சாய்த்து, அங்குலம் அங்குலமாக இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் கிடந்த வலைக்கயிற்றை ஜெரி வீசினான். கரைக்கு வந்தவனைச் சொக்கம்மாள் ஓங்கி ஓர் அறை விட்டாள், பிறகு கட்டிக்கொண்டாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக இருந்தான், கண் மட்டும் சிவப்பு.

“கடலுக்குப் பூட்டாராம்மா” என்றான் அவளிடம்.

“ஆமாண்டா” என்றாள் அவள். “நானுங்கேட்டேன்.”

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கடற்கரையில், கடலைப் பார்த்து, டில்லிபாபு அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தான். சொக்கம்மாள் தாலியைக் கழற்றினாள். மூன்றாவது வாரத்திலேயே அவன் மாடியறைக்குத் திரும்பி வந்தான். நன்றாகப் பேசுகிறான், மற்றவர்களைக் கலாய்க்கிறான், சிரித்துச் சிரித்துப் பகடை உருட்டுகிறான். அவனைப் பார்க்கிறவர்கள் ரூபினா ஒரு பெரிய நன்மை செய்ததாகத்தான் சொல்வார்கள். அமாவாசைக்கு அமாவாசை சொக்கம்மாள் திருவொற்றியூர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவாள். கரைமேட்டுக்குப் போய் மூன்றாவது கோபுரத்தைப் பார்த்துச் சோறு வைத்துவிட்டு வருவாள். இது ரூபினாவுக்கு மட்டும் தெரியும்.

கதையில் படகு முகத்துவாரத்தை நெருங்கும்போதெல்லாம் டில்லிபாபு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறான். இந்த ஞாயிறும் கேட்டான்.

“கடல்ல எப்டி கீது?”

கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அது அவள் போட்ட சட்டம்தான். “காத்து நல்லா அடிக்குதுடா” என்றாள் கரகரத்த குரலில். “வெளிச்சமா கீது.” பல்லுக்கிடையில் மணல் மாதிரி ஏதோ நறநறத்தது. அவன் சந்தோஷமாகப் பகடையை எடுத்தான். ரூபினா தண்ணீர் குடித்தாள், இன்னொரு டம்ளர் குடித்தாள், கரகரப்பு போகவில்லை. இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது போவதில்லை. இருந்த இடத்தில் நீ இல்லை என்று செத்துப்போன ஒரு மனிதனிடம் அவள் அவன் குரலிலேயே சொல்லிவிட்டாள். மேசையில் சொன்னாலும் கரையில் சொன்னாலும், சொன்னது நடந்ததுதான். அங்கிருந்து கிளம்பியவன் கடலுக்குப் போகவில்லை, அவன் வேறு எங்கே போவான், அவள் தொண்டைக்குள்தான் வந்திருந்தான்.