மையித்துக்குப் பறித்த இலை

விடிகாலை சுபஹ் தொழுத கையோடு இலந்தை மரத்தடிக்குப் போன ஸாஜிதாவுக்குக் கண் திறக்க முடியவில்லை. முள் குத்தியபோதுதான் பாதி விழித்தாள். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு பெண் மௌத்து. உடலைக் குளிப்பாட்டும் தண்ணீரில் கரைக்க இலை வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு, விரட்டப்பட்டுக் கண்டக்குழிக்கு வந்து குடியிருந்த மன்னார்க்காரர்களில் பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மையித்துக் குளிப்பாட்டத் தெரிந்த மற்றப் பெண்களும் அவர்களோடு போயாயிற்று. இப்போது இந்தப் பக்கம் எந்தப் பெண் கண்மூடினாலும் ஸாஜிதாதான்.

அது போதாதென்று ஹாஜராவின் இலை வேறு. பக்கத்து வளவு ஹாஜராவின் மருமகள் றுஷ்னாவுக்குப் பிள்ளை பிறந்ததிலிருந்து தூக்கமில்லை, பேச்சில்லை, சோறு இறங்குவதில்லை. புருஷன் கட்டாரில். ஜின் பார்வை என்று முடிவுகட்டிய ஹாஜரா, ஏழு இலந்தை இலையை அரைத்து, ஓதிய தண்ணீரில் கலந்து, விடிய முதல் அவளை எழுப்பித் தலையில் ஊற்றுகிறாள். அப்படி ஏழு நாள் ஊற்ற வேண்டுமாம்; இன்று ஏழாவது.

இரண்டும் ஒரே மரத்து இலைதான். ஆனால் மையித்தின் பேரில் பறித்தது உயிரோடு இருப்பவர் தலையில் படக்கூடாது. கிதாபில் இருக்கிறதோ இல்லையோ, இந்தப் பெண்களுக்கு அது சட்டம்.

ஸாஜிதா இரண்டையும் தனித்தனியே அரைத்துத் துணியில் முடிந்து வைத்தாள். வேலிக்கு அப்பாலிருந்து ஹாஜரா கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்ற முடிச்சோடு மிஹ்லாரின் ஆட்டோவில் ஏறினாள்.

"சிங்கள ஆக்கள் போதி மரத்துக்குத் தண்ணி ஊத்துறாங்க, வேதக்கார ஆக்கள் ஊட்டுல குருத்தோல வெக்கிறாங்க," என்றான் மிஹ்லார். "ஒங்கட மரத்துக்கு மட்டும் லீவே இல்ல ராத்தா."

"மரத்த உடு. எனக்கு இரிக்கா லீவு?"

மௌத்து வீட்டில் முடிச்சை அவிழ்த்தாள். கைப்பிடி கூட இல்லை. ஏழே ஏழு இலையின் விழுது.

யாரிடமும் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கொல்லையிலேயே இலை பறிக்கச் சொல்லி மையித்தைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி உடுத்தி முடித்தாள். திரும்பும் வழியெல்லாம், பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று யோசித்தாள். ஹாஜராவின் வாய் ஊரறிந்தது. ஆனால் றுஷ்னாவின் தலையில் மையித்து இலை. மனசு கேட்கவில்லை.

றுஷ்னா ஈரத்தலையோடு கதிரையில் இருந்தாள். பிள்ளை ஹாஜராவின் மடியில்.

"ராத்தா, முடிச்சு மாறிப் போச்சு. ஒங்களுக்குத் தந்தது மையித்துட இல."

"யா அல்லாஹ்! கடைசி நாள் எண்டு கூடப் போட்டிரிக்கிறா எண்டுல்ல நெனச்சேன்! கண்ணு என்ன பொடரியிலயா இரிக்கி ஒனக்கு?" ஹாஜரா மூச்சுவிடாமல் ஏசினாள். ஏசி முடித்துச் சொன்னாள்: "எல்லாம் வீண். நாளைக்கு முதல்ல இரிந்து தொடங்கணும்."

றுஷ்னா நிமிர்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாய் திறந்தது.

"சாச்சி, மையித்தக் குளிப்பாட்டினாப் பொறகு என்ன செய்வீங்க?"

"கபன் உடுத்துவம் புள்ள."

"பொறகு?"

"தூக்கிட்டுப் போவாங்க."

"அப்ப என்னையும் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு ஏலா."

அழுகையில்லை, கோபமில்லை. கடைக்குப் போய் பாண் வாங்கி வரச் சொல்வதுபோல் சொன்னாள். ஸாஜிதாவுக்குக் கை குளிர்ந்தது. காலையில் தொட்ட உடம்பின் குளிர்.

"எழும்புங்க ராத்தா. புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"பைத்தியம் எண்டு பேர் வெச்சிருவாங்க! என்ட மகனுக்கு நான் என்ன சொல்ல?"

"மையித்து எண்டு சொல்றதுக்கு இது பரவாயில்ல. நான் இனி ஒங்களுக்கு இல தரமாட்டேன். இந்தப் புள்ளைக்கு நான் இல அரைக்கிறது எண்டா ஒரே ஒரு வேலைக்குத்தான் அரைக்கணும். அதுக்கு என்னய ஆளாக்கிராதீங்க."

ஹாஜரா வாயைத் திறந்தாள். மருமகளைப் பார்த்தாள். பிள்ளையைத் துணியில் சுற்றினாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் றுஷ்னா, பக்கத்தில் ஸாஜிதா. எதிர் சீட்டில் பிள்ளையோடு ஹாஜரா, உதடு ஓதிக்கொண்டே இருந்தது. பாலாவிச் சந்தி தாண்டும் முன்பே றுஷ்னாவின் தலை ஸாஜிதாவின் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்தது. ஸாஜிதாவின் தோள் மரத்துப்போனது. அவள் அசையவில்லை.

புத்தளத்தில் மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"நீ எழுப்பு," என்றாள் ஹாஜரா, மெதுவாக.

"நீங்க எழுப்புங்க. நான் மாட்டேன்."

"நானும் மாட்டேன்."

கொண்டக்டர் கதவைத் தட்டினான். "இறங்குங்க உம்மா, பஸ் திரும்பணும்!"

"சத்தம் போடாத தம்பி," என்று ஹாஜரா சீறினாள். "புள்ள தூங்குது."