ஏழரை மணி பஸ்ஸும் நாலு படலும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நிற்கத் தெரியவில்லை. ஓடத் தெரிகிறது, உட்காரத் தெரிகிறது, அடுத்தவன் காலை மிதிக்கத் தெரிகிறது. ஒருவன் பின்னால் ஒருவன் நிற்பதென்றால் மட்டும் என்னவோ மானம் போகிற காரியம். நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நாற்பது வருசம் மேலப்பாளையம் சந்தையில் ஆடு பிடித்து லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், ஆட்டுக்கு இருக்கிற புத்தி எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ் ஏறுகிறவர்களுக்குக் கிடையாது.

நாங்குநேரியிலிருந்து வருகிற பஸ் ஒன்று காலை ஏழரைக்கு விலக்குக்கு வரும். அதை விட்டால் பத்தேகாலுக்குத்தான் அடுத்தது. பீடி கொண்டுபோகிற பெண்கள், கொத்தவேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று முப்பது பேர் நிற்பார்கள். பஸ்ஸின் தலை தெரிந்ததும் அத்தனை பேரும் நடுரோட்டுக்கு வந்துவிடுவார்கள். ஜன்னல் வழியாக ஒருத்தன் துண்டைப் போடுவான், ஒருத்தி கூடையைப் போடுவாள். ஒருதரம் ஒரு ஆள் இடம் பிடிக்கத் தன் பிள்ளையையே ஜன்னல் வழியாக உள்ளே திணித்துவிட்டு, தான் ஏற முடியாமல் பஸ்ஸுக்குப் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினான். டிரைவர் பொறுத்துப் பார்த்தார். கூட்டத்தைக் கண்டால் நூறடி தள்ளி நிறுத்தினார். அங்கேயும் ஓடினார்கள். கடைசியில் நிறுத்துவதையே விட்டுவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

எனக்கென்ன என்று இருந்திருப்பேன். என் மருமகள் தங்கத்தாய் பீடி சுற்றுகிறவள். சுற்றினதை ஒன்பது மணிக்குள் மேலப்பாளையத்தில் கடையில் கொடுத்தால்தான் மறுநாளைக்கு இலையும் தூளும் தருவார்கள். இந்தத் தொண்ணூற்று நாலாம் வருசம் தை மாதத்தில் பஸ் நிற்காமல் இரண்டுமுறை பிந்திப் போய்விட்டாள். மூன்றாம் முறை பிந்தினால் வேலைக் கார்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கார்டு போனால் வேலை போயிற்று. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தக் கார்டில்தான். பம்பாயிலிருக்கும் என் மகன் மாதம் தவறாமல் அனுப்புவது கடுதாசி ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தானியேல் எல்லோரையும் விலக்கில் கூட்டினான். தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றவன், காகிதத்தில் நம்பிக்கை உள்ளவன். மூன்று மனு எழுதிப் பதில் வரவில்லை, நாலாவதில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றான். பதில் வருவதற்குள் அந்த டிரைவரே ஓய்வுபெற்றுவிடுவார் என்றேன். அப்படியானால் நீர் ஒரு வழி சொல்லும் என்று மடக்கினான்.

சொன்னேன். லாரியில் ஆடு ஏற்றும்போது இரண்டு பக்கமும் பனமட்டைப் படலை நிறுத்தி, ஒரு ஆடு மட்டும் போகிற அகலத்துக்கு நடுவில் வழி விடுவோம். எத்தனை ஆடு நின்றாலும் கால்மணி நேரம் ஆகாது. இங்கேயும் படலைப் பிடித்துக்கொண்டு நடுவில் வரிசையாகக் குத்தவைத்து இருங்கள். ரோட்டில் ஒரே ஒரு ஆள் நின்று கை காட்டட்டும். ஒரு ஆளுக்கு டிரைவர் கட்டாயம் நிறுத்துவார். வரிசையை விட்டு வெளியே வந்தவர் கடைசியாகத்தான் ஏற வேண்டும்.

"ஏன்வே, மனுசன ஆடுங்கீரா?" என்றான் தானியேல்.

"ஆடு வரிசையாப் போவும்வே. உங்களப் போயி ஆடுன்னு சொல்லுவனா?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கத்தாய் சிரிக்கவில்லை. "மாமா, படலு எத்தன வேணும்?" என்றாள். நாலு போதும், வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது என்றேன். முதலில் யார் என்று சண்டை வந்தது. சுடலைவடிவு முதலில் இருக்கட்டும் என்றேன். முழங்கையால் இடித்தே வழி எடுக்கிறவள் அவள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. முட்டுகிற ஆட்டைத்தான் முன்னால் விட வேண்டும், பின்னால் விட்டால் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் என்பதை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ரோட்டோரம் பார்க்க ஆட்டுக்கிடை மாதிரியே இருந்தது. உள்ளே முப்பது பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சுடலைவடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கத்தாய் மட்டும் பீடிக்கூடையோடு ரோட்டில் நின்றாள். பஸ் வந்தது, வேகம் குறைந்தது, ஆனால் இருபதடி தள்ளிப்போய் நின்றது. தொலைந்தது, இனி படலைப் போட்டுவிட்டுப் பாய்வார்கள் என்று நினைத்தேன். வெளியே வந்தால் கடைசி என்று பேசியிருந்ததால் ஒருவரும் வெளியே வரவில்லை. படலையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கிடைக்கே அறுபது கால் முளைத்து ரோட்டில் ஓடுகிறது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார்கள். கண்டக்டருக்குச் சிரிப்பில் விசில் ஊத வரவில்லை. ரோட்டில் நின்ற தங்கத்தாய் முதலில் ஏறினாள், அவள் பின்னால் சுடலைவடிவு, பிறகு வரிசையாக மற்றவர்கள். டிரைவர் ஒரு பீடி பற்றவைத்து நாலு இழுப்பு இழுப்பதற்குள் ரோடு காலி.

"இப்படி ஏறுனா நா எதுக்கு அண்ணாச்சி நிப்பாட்டாமப் போறேன்?" என்றார் என்னைப் பார்த்து.

நாலு படலையும் நடுரோட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான்தான் இழுத்து ஓரத்தில் போட்டேன்.

மத்தியானம் தங்கத்தாய் இலைக்கட்டோடு வந்தாள். எட்டே முக்காலுக்கே கொடுத்துவிட்டாளாம். அன்றைக்குச் சோற்றில் கருவாட்டுத்துண்டு ஒன்று கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு பஸ் விலக்கிலேயே நிற்கிறது. பத்து நாளில் இரண்டு படல் நைந்துவிட்டது. மீதி இரண்டைத் தானியேல் கோழி அடைக்க எடுத்துக்கொண்டு போனான். அப்படியும் ஜனங்கள் படல் இருந்த இடத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்கிறார்கள். தானியேல் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினான்.

"பாத்தீரா? சனங்க திருந்திட்டாவவே."

பார்த்தேன். தலையிலிருந்து வால்வரை நேராகத்தான் இருந்தது. முன்னால் சுடலைவடிவு. அவளுடைய வலது கால் மட்டும் வரிசைக்கு ஒரு சாண் வெளியே, பெருவிரலை ரோட்டில் ஊன்றிப் பாயத் தயாராக நின்றது. குளத்துப் பக்கம் நடந்தேன். பின்னால் பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.