கட்டைவிரல் நீளம்

அந்தச் சத்தம் கேட்டபோது நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சாதாரண இரும்பை அறுத்தால் அடித்தொண்டையில் கரகரவென்று கத்தும். கெட்டிப்படுத்திய எஃகு அப்படியில்லை. ஊசி மாதிரி மெலிதாக, பல் கூசும்படி கீச்சிடும். ஷெட்டை ஒட்டிய சமையலறையில் இத்தனை வருடம் நின்றவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கணவர் எஃகு அறுத்துக்கொண்டிருந்தார். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

அதுதான் உறுத்தியது. தூசியில் இருமல் வருமென்று மழையில்கூடக் கதவைத் திறந்துபோட்டு வேலை செய்கிற மனிதர். உள்ளே என் தம்பியின் பைக் இருந்தது. போலீஸ்காரர்கள் பார்த்து முடித்து, வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஓடும்போதே முன்சக்கரத்து ஆக்சில் நட்டுக்குப் பக்கத்தில் முறிந்துவிட்டது என்றார்கள். சக்கரம் கழன்று உருண்டு எங்கோ போய் நின்றிருக்கிறது. அதற்குள் என் தம்பி போய்விட்டான்.

அம்மா முன்னறையிலிருந்து மெல்ல நடந்து வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, மாப்பிள்ளை எதை அறுக்கறாரு?"

"ஏதோ வேலைம்மா."

"வேலைன்னா கதவை எதுக்குச் சாத்தணும்? அந்த முறிஞ்சுபோனதைச் செஞ்சு குடுத்தவரு அவருதானே?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. காய் நறுக்கியாயிற்றா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவரா செய்துகொடுத்தார்? அதுதான் எனக்கும் தெரியவில்லை. தம்பி ஏதோ பெரிய வண்டியின் முன்பாகத்தைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்து தன் பைக்கில் மாட்டினான். அதன் ஆக்சில் நீளம். வெட்டிக் குறைத்து, நட்டு ஏறுவதற்கு நுனியில் புதிதாக மரை போட வேண்டியிருந்தது. லீவு நாளானால் இரண்டு பேரும் ஷெட்டில்தான் கிடப்பார்கள். இவர் முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டாமல் மெஷினைத் தொடமாட்டார். "என்ன டாக்டர், மயக்க ஊசி போட்டாச்சா?" என்பான் தம்பி. "போடா குடுக்கை, உனக்குத்தான் முதல்ல போடணும்" என்பார் இவர். அவசரக்குடுக்கை என்பதைச் சுருக்கிக் குடுக்கையாக்கி வைத்திருந்தார். அவனும் அந்தப் பெயருக்குக் குறை வைத்ததில்லை.

கெட்டி எஃகில் மரை ஏறாது. நுனியைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, மெல்ல ஆறவிட்டால்தான் இளகும். இவர் நுனியில் கட்டைவிரல் நீளத்தை மட்டும் விட்டுவிட்டு மீதிக்கு ஈரத்துணி சுற்றிவிட்டுத்தான் நெருப்பைக் காட்டுவார். மரை போட்டபின் அப்படியே விட்டுவிட வேண்டும். பழையபடி கெட்டியாக்குகிறேன் பேர்வழி என்று இன்னொரு தரம் சுட்டுத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடியாகிவிடும். ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், படக்கென்று போய்விடும்.

அந்த ஆக்சிலுக்கு மரை போட்ட அன்று மதியம் ஷெட்டிலிருந்து, பழுத்த இரும்பு தண்ணீரில் இறங்குகிற சுர்ரென்ற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருந்த நேரம். யார் கையில் அது இருந்தது என்று நான் பார்க்கவில்லை. ஆனால் விசாரிக்க வந்த அதிகாரியிடம் இவர், "ஆக்சில் கடையில வாங்கினதுங்க, அப்படியேதான் மாட்டினான்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினேன். தாழ் போடவில்லை. மேசையில் காசு மாதிரி வட்ட வட்டமாக எஃகுத் துண்டுகள், வரிசையாக. வைஸின் இரும்புப் பிடியில் ஆக்சிலின் மிச்சம். அவர் எதையும் மறைக்கப் பார்க்கவில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"யாரு கைன்னு பாக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாதா, நீங்க முக்கினீங்களா இல்லையான்னு?"

"எனக்குத் தெரியும். வாயால சொன்னா நம்புவியா நீ?"

அவர் ஓர் அரத்தை என் கையில் கொடுத்தார். "இந்தக் கடைசித் துண்டோட நடுவுல தேய்ச்சுப் பாரு." தேய்த்தேன். கண்ணாடிமேல் போவது போல வழுக்கியது. "தண்ணியில விழுந்த இரும்பு. இந்த வண்டி ஆக்சிலுக்கு மேல்தோல்தான் கெட்டி, நடுவுல அரம் கடிக்கணும். முறிஞ்ச நுனியையும் சேர்த்து இதுவரைக்கும் கட்டைவிரல் நீளம். நான் சுட்டிருந்தா இதோட நிக்கும். அவன் சுட்டா, அவனைத்தான் தெரியுமே, பாதி ஆக்சிலைக் காட்டுவான் நெருப்புல."

"கடையில வாங்கினதுன்னு ஏன் சொன்னீங்க?"

"அவன் கையாலயே போய்ச் சேர்ந்தான்னு தெரிஞ்சா அத்தை தாங்குவாங்களா? கதவைச் சாத்தினதும் அதுக்குத்தான்."

எல்லாம் பொருந்தியது. அந்தப் பொருத்தம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பழியை வாங்கிக்கொள்ள வேண்டியவன் வந்து மறுக்கப்போவதில்லை. துண்டுகளை வரிசைப்படுத்தியவரும் இவர்தான். ஆனால் இவர் கண் சிவந்திருந்தது. அது தூசியால் மட்டும் வந்த சிவப்பு போலவும் தெரியவில்லை.

"அடுத்த துண்டும் வழுக்கினா நான் இல்ல" என்றார்.

"கடிச்சா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மக்கில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். "அறுக்க அறுக்க ஊத்திக்கிட்டே இரு. நீலம் பாய்ஞ்சுதுன்னா கெட்டி போயிடும், எதுவா இருந்தாலும் அரம் கடிச்சிடும். அப்புறம் யாரு கைன்னு எந்தக் காலத்துக்கும் தெரியாது. என் பேச்சை நம்பறதா வேணாமான்னு நீதான் முடிவு பண்ணிக்கணும்."

மெஷின் கீச்சிட்டது. பொறிகள் அவர் கையுறைமேல் சிதறி அணைந்தன. கட்டிலில் கிடக்கிற அம்மாவை நினைத்தேன். இந்த மனிதரோடு இனி உட்கார்ந்து சாப்பிடப்போகிற சாப்பாடுகளை நினைத்தேன். பிளேடு இறங்கிய இடத்தைச் சுற்றி எஃகு வைக்கோல் நிறத்துக்கு மாறியது. "ஊத்து" என்றார், தலையைத் தூக்காமலே. மக்கு என் கையில் நிறைந்தபடியே இருந்தது. வைக்கோல் நிறம் பழுப்பானது. பழுப்பின் ஓரத்தில், நீலத்துக்கு முந்தின ஊதா மெல்ல ஊர்ந்து வந்தது.