கீழ்த்தட்டின் தாகம்

எலியக்காவின் வேலை எலிகளின் சிறுநீரை அளப்பது. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள். அவள் சுளிக்க மாட்டாள். பதினெட்டு வருடப் பழக்கத்தில், கூண்டுக்கு அடியிலுள்ள புனலில் சொட்டு விழும் சத்தத்தை வைத்தே எந்த எலி என்று சொல்லிவிடுவாள். ஏழாம் எண் அவசரக்காரன். பதினோராம் எண் யோசித்து யோசித்துப் பெய்வான். இருபத்து மூன்றாம் எண் இருக்கிறானே, அவனை எடை பார்க்கத் தராசில் ஏற்றினால் திரும்பி எண்ணைப் பார்ப்பான். எடை கூடியிருந்தால் அன்றைய தீனியில் பாதியை ஒதுக்கிவிடுவான். இதெல்லாம் பதிவேட்டில் அவள் கையெழுத்தோடு இருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை டாக்டரம்மா. அவர் பட்டம் வாங்கியது செடிகளைப் பற்றிய படிப்பில். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமலுக்கு மருந்து கேட்டு வரும்போதெல்லாம் "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. கடைசியில் அலுத்துப்போய், "வெந்நீர்ல கொப்புளிங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லாருக்கும் குணமாகிவிட்டது. இப்போது கூட்டம் இரண்டு மடங்கு.

அந்த வருடம் அவர் தேடிக்கொண்டிருந்தது சிறுநீரகத்தைக் காப்பாற்றும் செடி. மூன்று செடிகளின் சாறு தோற்றுப்போனது. நான்காவதாக வந்தது ஆறு கடலில் கலக்குமிடத்துச் சேற்றில் முளைக்கும் ஒரு தடித்த இலை. குடித்தால் நீர் நன்றாகப் பிரியும் என்று அந்தப் பக்கத்து மீனவர்கள் சத்தியம் பண்ணினார்கள்.

சோதனை இதுதான். இருபத்து நான்கு எலிகள், தட்டுக்கு எட்டாக மூன்று தட்டுகள். மேல்தட்டு எலிகளுக்கு ஒன்றும் கிடையாது, ராஜவாழ்க்கை. நடுத்தட்டுக்குச் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் பேர்போன ஒரு மருந்து, ஊசியில். கீழ்த்தட்டுக்கு அதே ஊசியோடு இலைச்சாறும். பத்து நாள் கழித்து வாலிலிருந்து இரண்டு சொட்டு ரத்தம் எடுத்துக் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகம் கழித்துத் தள்ளவேண்டிய அந்தக் கழிவு ரத்தத்தில் ஏறியிருந்தால் சிறுநீரகம் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

முடிவு வந்தது. நடுத்தட்டில் எட்டும் படுத்துவிட்டன. கீழ்த்தட்டில் எட்டும் மேல்தட்டு ராஜாக்களுக்குச் சமமாக இருந்தன. சிறுநீரும் மூன்று மடங்கு பிரிந்திருந்தது. டாக்டரம்மா காகிதத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். அப்படியும் நன்றாகவே இருந்தது.

"எலியக்கா, வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இன்னொரு தடவ பண்ணிப் பாக்கணும்."

"என் வாயில இருந்து ஒரு வார்த்த வராதும்மா," என்றாள் எலியக்கா.

வரவும் இல்லை, வீடு போய்ச் சேரும் வரை. வீட்டில் அவள் தம்பி இருந்தான்.

தம்பி பூட்டு ரிப்பேர்க்காரன். சாவி தொலைந்த பூட்டைத் திட்டியே திறந்துவிடுவான் என்று தெருவில் பேச்சு. ஒரு வங்கிப் பெட்டகம் அவன் வாயைத் திறப்பதற்குள் தானே திறந்துகொண்டதாம். அப்படிப்பட்டவனுக்குத் தன் உடம்பிலிருந்த இரண்டு சிறுநீரகங்கள் மட்டும் அடங்கவில்லை. இரண்டு வருடமாகக் கிரியாட்டினின் படி ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் வேளைக்கு மூன்று மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மாத்திரைகளின் உதவியால் அது நின்ற படியில் நின்றது. இறங்கவில்லை என்பதுதான் தம்பிக்குக் கோபம்.

"என்னக்கா, முகத்துல பல்பு எரியுது?" என்றான்.

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு வெளிச்சமா?"

சொல்லிவிட்டாள். எட்டுக்கு எட்டு என்றும் சொன்னாள். இலை எந்தக் கழிமுகத்திலிருந்து வந்தது என்பதையும் வாய் சொல்லிவிட்டது.

இரண்டாம் நாள் தம்பி ஒரு சாக்கு நிறைய இலையோடு வந்து இறங்கினான். அன்றே மாத்திரையை நிறுத்தினான்.

"டேய், அது எலிடா! நீ மனுஷன்டா!"

"பதினெட்டு வருஷமா எலி பெருமைதானே பேசுற? நான் அதுங்களை நம்புறேன். நீதான் நம்பல."

அன்று முதல் காலையும் மாலையும் ஒரு சொம்பு கஷாயம் உள்ளே போயிற்று. நீர் பிரியத்தான் செய்தது. பக்கத்து வீட்டில் நேரம் பார்ப்பதற்குக் கடிகாரத்தை விட்டுவிட்டு அவன் கொல்லைப்பக்கம் போவதைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம். கஷாயத்தைக் குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன், "அக்கா, தண்ணி" என்றான். கொடுத்தாள். காய் நறுக்க உட்கார்ந்தாள். "அக்கா, இன்னொரு டம்ளர்." எழுந்து கொடுத்தாள். நான்காவது தடவை எழுந்தபோது அவள் கை சொம்பின்மேல் அப்படியே நின்றது.

இதே மாதிரி எழுந்து எழுந்து அவள் எங்கேயோ தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். எங்கே? கீழ்த்தட்டில். மேல்தட்டுக் குப்பிகளைக் காலையில் ஒரு தடவை நிரப்பினால் மறுநாள் வரை வரும். கீழ்த்தட்டுக் குப்பிகள் மதியத்துக்குள் காலி. இருபத்து மூன்றாம் எண் காலிக் குப்பியைக் கம்பியில் தட்டிக் கூப்பிடுவான். பத்து நாளும் இரண்டு தடவை நிரப்பினாள். எழுதினாளா? அப்படியொரு கட்டமே பதிவேட்டில் இல்லை. வெளியே வருவதைச் சொட்டுச் சொட்டாக அளந்தார்கள். உள்ளே போவதை யாரும் கேட்கவில்லை.

சாக்கிலிருந்து ஓர் இலையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கசக்கும் என்று எதிர்பார்த்தாள். கரித்தது. உப்புக்கட்டியை நாக்கில் வைத்த மாதிரி. ஒரே மூச்சில் அரைச் சொம்புத் தண்ணீரைக் குடித்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"டேய், காலைக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுடா!"

முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் பள்ளமாகவே இருந்தது. முப்பது எண்ணினாள், நிரம்பவில்லை. காலில் நீர் கோத்திருந்தது.

"செருப்புதான் சின்னதாயிருச்சுன்னு நெனச்சேன்," என்றான் தம்பி. அவன் குரலில் வழக்கமான திமிர் ஒரு சுற்றுக் குறைந்திருந்தது.

மறுநாள் காலை அவள் டாக்டரம்மாவின் மேஜை முன்னால் நின்று, தம்பியிடம் உளறியது முதல் இலையை மென்றது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டே எழுந்து ஜன்னல்வரை போனார், வந்தார்.

"சாறுல நாப்பது விதமான சத்து இருக்கான்னு சோதிச்சோம். உப்பு இருக்கான்னு யாரும் கேக்கல," என்றார். "எலியக்கா, அப்போ காப்பாத்தினது இலையா, தண்ணியா?"

"அதத்தாம்மா நானும் ராத்திரி பூரா கேட்டுக்கிட்டிருந்தேன்."

"முதல்ல தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எலிக்கு நல்ல சிறுநீரகம், தண்ணி ஊசி மருந்தைக் கழுவி வெளியே விட்டுச்சு. அவருக்குக் கெட்டுப்போனது, உப்பும் தண்ணியும் உள்ளேயே தங்குது. இன்னைக்கே போங்க."

ஆஸ்பத்திரியில் நீர் இறங்க ஊசி போட்டார்கள், கிரியாட்டினின் ஒரு படி ஏறியிருப்பதாகச் சொன்னார்கள், பழைய மாத்திரைகளையே எழுதித் தந்தார்கள். தம்பி சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"நாலு நாள் போடுறேன். வீக்கம் வத்தட்டும். அப்புறம் இலையைக் கழுவி, உப்பு போக வேகவெச்சுக் குடிப்பேன். எட்டுக்கு எட்டு பொழைச்சிருக்குக்கா. தண்ணி குடிச்சதாலயா பொழைச்சுது? அப்படின்னா ஆத்து மீனெல்லாம் அமரனா?"

"சரி," என்றாள் எலியக்கா. "எலிங்ககிட்டயே கேப்போம். அதுங்க சொல்ற வரைக்கும் மாத்திரைதான். இலை கூடாது. சம்மதமா?"

தம்பி சட்டைப்பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தான். "எந்தப் பக்கம் சொன்னாலும் நீ ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன்."

புது எலிகள் இருபத்து நான்கு வந்தன. இந்தத் தடவை மூன்று தட்டுக்கும் ஊசி உண்டு. மேல்தட்டுக்கு இலைச்சாறு, ஆனால் குடிக்கத் தண்ணீர் சாதாரண எலி குடிக்கும் அளவுதான். நடுத்தட்டுக்கு ஊசி மட்டும். கீழ்த்தட்டுக்கு இலையே கிடையாது. இலையில் இருந்த அதே அளவு உப்பும் வேண்டிய மட்டும் தண்ணீரும். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, "குடித்தது" என்று தலைப்பு எழுதினாள் எலியக்கா. இப்போது அவள் இரண்டு முனைகளையும் அளந்தாள். மேல்தட்டு எலிகள் முதல் நாளே அவளோடு பேச்சை நிறுத்திவிட்டன.

தம்பி தினமும் வாசலிலேயே மறிப்பான்.

"எலிங்க என்ன சொல்லுது?"

"இன்னும் சொல்லல. மாத்திரை போட்டியா?"

"போட்டேன். எந்தத் தட்டு தெம்பா இருக்கு?"

"வாயத் தெறக்க மாட்டேன்."

"ஒரு ஜாடை காட்டேன்."

"ஜாடையும் கிடையாது."

பத்தாம் நாள் ரத்தம் எடுத்தார்கள். மேல்தட்டில், இலைச்சாற்றை வயிறுமுட்டக் குடித்த எட்டும் படுத்துவிட்டன. நடுத்தட்டோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. இலையை மோந்துகூடப் பார்க்காத கீழ்த்தட்டு எட்டும் திடமாக உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தன.

டாக்டரம்மாவுக்கு ஏமாற்றம்தான். நான்காவது செடியும் போயிற்று. ஆனாலும் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கியவர் மாதிரி அரைமணி நேரம் அறைக்குள் நடந்தார்.

எலியக்கா பதிவேட்டுப் பக்கத்தின் நகலை அவர் அனுமதியோடு வீட்டுக்கு எடுத்துப் போனாள். தம்பி அதை விளக்குக்கு நேரே பிடித்து, எலி எலியாக, எண் எண்ணாகப் படித்தான். மேல்தட்டில் ஒன்றாவது தேறியிருக்கிறதா என்று இரண்டு தடவை தேடினான்.

"ஒண்ணுகூடவாக்கா?"

"ஒண்ணுகூட இல்லடா."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துபோய் மாத்திரைப் பட்டையை எடுத்தான். மூன்றையும் வாயில் போட்டு விழுங்கினான். அவள் குனிந்து அவன் காலை அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, ஐந்து எண்ணுவதற்குள் நிரம்பியது.

"அடுத்து எதைச் சோதிக்கிறாங்க உங்க டாக்டரம்மா?"

"ஒரு வேர்."

"என்ன வேர்?"

"சொல்ல மாட்டேன். போய்ப் படு."

தம்பி கதவுவரை போய் நின்றான். பூட்டின் துவாரத்துக்குள் எட்டிப் பார்க்கும்போது வருமே, அந்தச் சுருக்கம் அவன் நெற்றியில் விழுந்திருந்தது.

"வேர் பேரு வேணாம். அதைத் தின்னுட்டு எலிங்க எவ்வளவு தண்ணி குடிக்குது? அத மட்டும் சொல்லு."