தளும்பாத கோப்பை

கல்யாண வீடியோக்காரன் கையில் ஒரு படம் சிக்கினால் அதில் குறை என்று ஒன்று மிஞ்சாது. மாப்பிள்ளையின் கொட்டாவி, சம்பந்திகளின் முறைப்பு எல்லாம் வெட்டுப்பட்டு, வாங்கிப் போகிறவர் வாயெல்லாம் பல்லாகப் போவார். அண்ணன் தம்பி இருவர் நடத்திய ஸ்டூடியோவும் இருபது வருடமாக அப்படித்தான் ஓடியது. அண்ணன் படம் பிடிப்பார். தம்பி கணினியில் வெட்டி ஒட்டுவார்.

மூன்று வருடம் முன்பு அண்ணனின் வலது கை தன்னிஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது, போகப்போக இடது கையும். பார்க்கின்சன் என்றார் மருத்துவர். மறுநாளே தம்பி, வாசலைப் பார்த்துக் கிடந்த அண்ணனின் நாற்காலியை உள்ளறைக்கு மாற்றிப் போட்டார்.

"உள்ள காத்து நல்லா வருதுண்ணே."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமாமா, வெளிய ஒரே புழுக்கம்தான்" என்று எழுந்து போனார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. ஆடுகிற கையிலேயே செல்போனைப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். சட்டைப் பொத்தான் போடுவது, டீ குடிப்பது, எழுத்து போகப்போக எறும்பாகச் சிறுத்துப்போவது. கூடவே சில போட்டோக்கள். கேமராவின் கண்ணைச் சில விநாடி திறந்தே வைத்து மேசை விளக்குக்கு நேராகப் பிடிப்பார். நடுங்கும் கை வெளிச்சத்தைச் சுருள் சுருளாக வரைந்துவிடும். அண்ணி பார்த்துவிட்டு, "கை நிதானமா இருந்தப்போ என்னை எடுத்த போட்டோ ஒண்ணுகூட இவ்வளவு லட்சணமா இல்ல" என்றார்.

இதே நோய் உள்ள குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக் கூடத்தில் அதைப் போட்டுக் காட்டக் கேட்டிருந்தார்கள். "மொத்தம் பதினோரு துண்டு. கோத்து மட்டும் குடுடா" என்று அண்ணன் கொடுத்தார்.

தம்பியின் பழகின கை கோப்பதோடு நிற்குமா? படத்தின் ஆட்டத்தை நிறுத்தக் கணினியில் வசதி இருக்கிறது, நிறுத்தினார். ஒரு வாய் டீ குடிக்க அண்ணனுக்கு நாற்பது விநாடி ஆனது. கோப்பை மேசையை விட்டுக் கிளம்பும் இடத்தில் வெட்டி, திரும்பி வந்து உட்காரும் இடத்தில் ஒட்டினார். வெளிச்சச் சுருள்களைக் கெட்டுப்போன போட்டோக்கள் என்று கழித்தார்.

அந்த டீத் துண்டில் இன்னொரு சங்கதியும் இருந்தது. கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல், வாடிக்கைக்காரர் ஒருவரிடம்: "அண்ணனா? அவர் வெளிநாட்டுல மகளோட செட்டிலாயிட்டாருங்க. இனிமே எல்லாம் நான்தான்." தம்பியின் குரலேதான். கேட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினார். நடுங்கும் கைக்காரன் கடையில் யார் கல்யாணத்தைக் கொடுப்பான் என்று அன்று தோன்றிய நியாயம், இப்போது தன் காதுக்கே நாறியது. வெட்டியாயிற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஓரத்தில் மடிக்கணினியோடு தம்பி. திரையில் பொத்தான்கள் சொன்னபடி கேட்டன; கோப்பை ஒரு சொட்டும் தளும்பாமல் மேசைக்குத் திரும்பியது. அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

தம்பிக்குப் பக்கத்தில் ஒருவர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அவர் காதில் கிசுகிசுத்தார்: "பாத்தீங்களா, இவருக்கு எவ்வளவு பரவாயில்ல. நீங்கதான் மனசைத் திடப்படுத்திக்க மாட்டேங்கிறீங்க." அவர் கையை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்.

தம்பிக்கு முகத்தில் யாரோ வெந்நீரை ஊற்றினாற்போல் இருந்தது. படத்தை நிறுத்தினார்.

"மன்னிக்கணும்" என்று எழுந்தார். "அண்ணன் எடுத்தது இது இல்ல. ஆடுறதையெல்லாம் நான் வெட்டிட்டேன்."

கூடம் அவரைப் பார்த்தது. அண்ணன் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "பழக்க தோஷங்க. கல்யாண வீடியோக்காரன், விட்டா பொண்ணு அழுறதையே வெட்டிடுவான்." சிலர் சிரித்தார்கள். "வெட்டாதது இருக்குல்ல? டீ குடிக்கிறதப் போடுடா."

பதினொன்றில் அதைத்தான் கேட்கவேண்டுமா? ஒலியை மட்டும் அடைத்துவிட்டால் போதும்; விரல் அந்த இடம் வரை போனது. தொடைக்கு அடியில் கையை வைத்திருந்தவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி விரலை எடுத்துவிட்டுத் துண்டை ஓட விட்டார்.

திரை முழுக்க ஆடியது. கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது, டீ மேசையில் சிந்தியது, சட்டையில் சிந்தியது. நடுவே, கூடத்தின் நாலு மூலைக்கும் கேட்கும்படி: "அண்ணனா? அவர் வெளிநாட்டுல மகளோட செட்டிலாயிட்டாருங்க."

குரலை அடையாளம் கண்டு தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அண்ணியும் திரும்பினார், அவருக்கு இது புதிது. அண்ணன் மட்டும் திரும்பவில்லை. "அது தெரிஞ்சேதான்டா உன்கிட்ட குடுத்தேன்" என்றார், திரையைப் பார்த்தபடி.

பக்கத்து ஆள் கையைத் தொடைக்கு அடியிலிருந்து உருவி முழங்கால்மேல் வைத்தார். அது பாட்டுக்கு ஆடியது. "அண்ணாச்சி," என்று முன்வரிசைக்குக் குரல் கொடுத்தார், "வெளிநாட்டுலேர்ந்து எப்ப வந்தீங்க?"

"இப்பதாங்க. பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கல."

கூடம் குலுங்கிச் சிரித்தது. அந்த ஆளின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். தம்பி அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல், காலடியில் கிடந்த ஒயரைப் பார்த்தபடி நின்றார்.

"நிறுத்தாதடா, அடுத்ததப் போடு" என்றார் அண்ணன். இன்னும் பத்துத் துண்டு பாக்கி இருந்தது.